கழுத்துச் சுரப்பியும் இரு சாட்சிகளும்

இங்கிலாந்தின் வடபகுதியில் நியூகாசில் என்றொரு நகரம் உண்டு. நிலக்கரி வாணிகத்தால் புகழ் பெற்றிருந்த துறைமுக நகரம் அது. அங்கே 1891-ஆம் ஆண்டில், 46 வயதுடைய பெண்மணி ஒருவர் விந்தையானதொரு நோயால் வாடியிருந்தார். அவருடைய முகமும் கைகளும் தடித்து வீங்கியிருந்தன; தோல் வறண்டிருந்தது; குளிர் தாங்க முடியவில்லை; பேச்சு மந்தமாகி, கேட்ட கேள்விக்கு விடை கூறவும் நெடுநேரம் ஆயிற்று. துணையின்றித் தெருவில் நடக்க அவர் அஞ்சினார். அந்நாளில் இந்நோய்க்கு மருந்து இல்லை. எண்ணெய் வற்றிய விளக்குப்போல் மெல்ல மெல்ல மங்கி அவிவதே நோயாளர் கண்ட முடிவு.

அப்பெண்மணியிடம் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். ஆட்டின் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை எடுத்து நறுக்கி, கிளிசரினில் ஊறவைத்துப் பிழிந்து வடித்த சாற்றை, அவர் ஊசி வழியே நோயாளியின் தோலுக்கடியில் செலுத்தினார். இக்கருத்தை மருத்துவர் கூட்டமொன்றில் அவர் முன்னதாகவே எடுத்துரைத்தபோது, முதுகுத்தண்டு நோய்க்கு முதுகுத்தண்டையே அரைத்துக் கொடுப்பதற்கு ஒப்பானது இது என்று ஒருவர் எள்ளி நகையாடினாராம். மரே மனம் தளரவில்லை. மூன்று மாதங்களில் நோயாளி தேறிவிட்டார். பின்னர் ஊசி போய், அதே சாற்றை வாய்வழி அருந்தும் முறை வந்தது. அவர் மேலும் 28 ஆண்டுகள் நலமாக வாழ்ந்து, 1919-இல் தமது 74-ஆம் வயதில் காலமானார். அவ்வளவு காலத்திலும் அவர் உட்கொண்ட சாறு ஏறத்தாழ ஐந்து லிட்டர். அதற்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன என்று மரே 1920-இல் கணக்கிட்டு எழுதினார்.

ஆடுகளின் எண்ணிக்கையைக் கேட்டு வியப்போர் பலர். எனக்கு வியப்பூட்டியது வேறொன்று. நோயாளி தேறினார் என்பதை மரே எவ்வாறு அறிந்தார்? இரத்தத்தைச் சோதித்து எண் கூறும் முறை அன்று இல்லை. அவர் எழுதி வைத்த குறிப்புகளைப் பாருங்கள்: கைகளின் வீக்கம் வடிந்தது; பேச்சு விரைவும் தெளிவும் பெற்றது; நினைவாற்றல் மேம்பட்டது; வீட்டுவேலை முன்போல் களைப்பூட்டவில்லை; நடக்கும்போது வியர்க்கிறது; துணையின்றித் தெருவில் செல்கிறார்; குளிர் முன்னளவு வருத்தவில்லை; தலைமயிரில் மட்டும் மாற்றமில்லை. மருத்துவர் கண்ணால் கண்டதும், நோயாளி தம் வாயால் சொன்னதும், நாள்தோறும் குறித்த உடல்வெப்ப அளவும் தவிர, அவரிடம் வேறு சான்று இல்லை. தைராய்டு மருத்துவத்தின் முதல் சாட்சி நோயாளியின் அன்றாட வாழ்க்கைதான்.

வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு மருத்துவ ஆராய்ச்சியில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். நானும் பல ஆண்டுகளாக நாள்தோறும் விடியற்காலையில் இம்மருந்தை விழுங்கி வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அம்மருந்து மாற நேர்ந்தது. மாறிய மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னேன். அச்சொல்லை நம்பலாமா, நம்பலாகாதா என்ற வினா எழுந்தது. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், அது இம்மருந்து பிறந்த நாள்தொட்டு உடன் வரும் வினா என்பதை உணர்ந்தேன். முதலில் வரலாற்றைக் கூறி, பிறகு என் கதைக்கு வருகிறேன்.

மரேயின் வெற்றிக்கு முன்பே இந்நோயின் உருவத்தைப் பலர் கண்டறிந்திருந்தனர். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-இல் இந்நோய் கண்ட பெண்களை விவரித்தார். சில ஆண்டுகளில் வில்லியம் ஆர்டு அதற்கு மிக்சிடீமா என்று பெயரிட்டார். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், கழுத்துக் கழலையை அறுத்து நீக்குவதில் பெரும் வல்லவர். 1883-இல், தாம் முன்னர் அறுவை செய்தவர்களைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். சுரப்பி முழுவதையும் இழந்தவர்கள் பெரும்பாலும் உடல் தடித்து, அறிவு மந்தித்து, தளர்ந்து காணப்பட்டனர். அறுவை வெற்றி, ஆனால் வாழ்க்கை தோல்வி! அதை மறைக்காமல் வெளியிட்டது கோக்கரின் பெருமை. தைராய்டு ஆராய்ச்சிக்காக அவருக்கு 1909-இல் நோபெல் பரிசு கிடைத்தது. புண் ஆறியதோடு கடமை முடிந்தது என்று அவர் இருந்திருப்பாராயின், இவ்வுண்மை வெளிப்பட மேலும் காலம் கடந்திருக்கும்.

1892-இல், ஊசி தேவையில்லை, வாய்வழி உண்டாலே போதும் என்பதை ஹெக்டர் மெக்கன்சியும் எட்வர்டு பாக்சும் தனித்தனியே காட்டினர். பாக்ஸ் கூறிய முறை சமையற்குறிப்புப் போலவே இருக்கும். ஆட்டுச் சுரப்பியில் பாதியை இலேசாக வறுத்துக் கொத்தி, பழப்பாகோடு வாரம் ஒரு முறை உண்ண வேண்டும்! பின்னர்ச் சுரப்பியை உலர்த்திப் பொடித்த மாத்திரைகள் கடைக்கு வந்தன. ஆட்டுக்கு ஆடு, பன்றிக்குப் பன்றி சுரப்பியின் வலிமை வேறுபடும் அன்றோ? அதற்கொரு நிறை தேடினார்கள். சுரப்பியில் அயோடின் இருப்பதை ஜெர்மானிய அறிஞர் பாமன் 1895-இல் கண்டார். பொடியிலுள்ள அயோடினை அளந்தால் வலிமை தெரிந்துவிடும் என்று கருதினர். ஆனால் அயோடின் முழுவதும் ஹார்மோன் ஆகிவிடுவதில்லை. ஆகவே ஒரே அளவு அயோடின் உள்ள இரு பொடிகள் உடலில் ஒரே அளவு வேலை செய்யும் என்பதற்கு உறுதியில்லை. புட்டி மாறினால் உடல்நிலையும் மாறுகிறதே என்னும் ஐயத்திற்கு அன்று நல்ல அடிப்படை இருந்தது.

தூய பொருளைப் பிரித்தெடுத்த பெருமை அமெரிக்க நாட்டு எட்வர்டு கெண்டலைச் சாரும். 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, மின்னசோட்டா மாநிலத்து ராச்சஸ்டர் நகரிலுள்ள மேயோ ஆய்வகத்தில் தைராக்சின் அவர் கையில் படிகமாகத் திரண்டது. பின்னர் ஏறக்குறைய மூன்று டன் பன்றிச் சுரப்பிகளிலிருந்து அவர் பெற்றது 33 கிராம்தான். 1926-இல் சார்லஸ் ஹாரிங்டன் அதன் அமைப்பைத் தெளிவாக்கினார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து அதனை ஆய்வகத்தில் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார். 1952-இல் கிராசும் பிட்-ரிவர்சும் சுரப்பியின் இரண்டாவது ஹார்மோனை லண்டனில் கண்டனர். தைராக்சினில் நான்கு அயோடின் அணுக்கள்; இதில் மூன்று. ஆகையால் முன்னதை டி-4 என்றும், பின்னதை டி-3 என்றும் வழங்குவர். உடலில் வேகமாகவும் வலிமையாகவும் வேலை செய்வது டி-3 ஆகும்.

1970-இல் பிரேவர்மன், இங்பார், ஸ்டெர்லிங் ஆகிய மூவர் ஒரு பேருண்மையை மெய்ப்பித்தனர். தைராய்டே இல்லாதவர்க்கு டி-4 மட்டும் கொடுத்தாலும், உடல் அதிலிருந்து தனக்கு வேண்டிய டி-3-ஐத் தானே ஆக்கிக்கொள்கிறது. அப்படியானால் இரண்டும் கலந்த விலங்குப் பொடி எதற்கு? தூய டி-4 மாத்திரை ஒன்றே போதுமே! அதற்குப் பின் மருத்துவ உலகம் பொடியிலிருந்து தூய மாத்திரைக்கு மாறிற்று. நெடுங்காலம் பொடியை உண்டு பழகியவர் பலர் புதிய மாத்திரைக்கு மாற்றப்பட்டனர்.

அதே காலத்தில் இரண்டாவது சாட்சியும் மன்றத்தில் ஏறிற்று. மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி உண்டு. தைராய்டை வேலை வாங்கும் எசமானன் அது. பணியாள் சோம்பினால் எசமானன் குரலை உயர்த்துவான். பணியாள் அளவுக்கு மீறி உழைத்தால் குரலைத் தாழ்த்திவிடுவான். அக்குரல்தான் டி.எஸ்.எச். எனப்படும் ஏவல் ஹார்மோன். 1960-களில் அதனை இரத்தத்தில் அளக்கும் நுண்முறை தோன்றிற்று. அளந்து பார்த்தபோது பலர் வேண்டியதற்கு மேல் மருந்து உண்டு வந்தது தெரிந்தது. நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உண்பது வழக்கமாக இருந்த நிலை மாறி, அளவு வெகுவாகக் குறைந்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். மிகுதியாக உண்டவர் அனைவரும் துன்புற்றனர் அல்லர். பலர் சுறுசுறுப்பாக இருப்பதாகவே உணர்ந்தனர். ஆனால் மிகை மருந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும், எலும்பை அரிக்கும். நலமாக இருக்கிறேன் என்ற சொல்லுக்குப் பின்னே தீங்கு ஒளிந்திருக்கக் கூடும் என்பதை இரண்டாவது சாட்சியே காட்டிக் கொடுத்தது. நோயாளியின் சொல் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. எண் சரியாக இருந்தும், நான் பழைய நிலையில் இல்லையே என்று கூறுவோர் ஒரு பகுதியினர் இருந்துகொண்டே வந்தனர். 1999-இல் லிதுவேனியா நாட்டில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 33 நோயாளர், டி-4 மட்டும் ஐந்து வாரம், அதில் ஒரு பகுதிக்கு மாற்றாக டி-3 சேர்த்து ஐந்து வாரம். எது எப்போது என்பது உண்பவர்க்குத் தெரியாது. முடிவில் 20 பேர் கலவையை விரும்பினர்; 2 பேர் தனி மருந்தை விரும்பினர்; 11 பேர்க்கு வேறுபாடு தெரியவில்லை. உலகம் பரபரப்புற்றது. ஆனால் அதன்பின் பல நாடுகளில் நடந்த சோதனைகள் பெரும்பாலும் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. 2013-இல் அமெரிக்காவில் 70 பேரிடம் பன்றிச் சுரப்பிப் பொடியையும் தூய மாத்திரையையும் பதினாறு பதினாறு வாரம் மறைத்துக் கொடுத்துப் பார்த்தனர். அறிகுறி மதிப்பெண்களில் இரண்டுக்கும் வேறுபாடு காணவில்லை. எனினும் எதை விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, 34 பேர் பொடியையும் 13 பேர் மாத்திரையையும் சுட்டினர். எஞ்சிய 23 பேர் எதையும் சுட்டவில்லை. மதிப்பெண் தாள் ஒன்று சொல்கிறது. மனிதர் மற்றொன்று சொல்கிறார். இம்முரண்பாடு இன்னும் முற்றத் தீர்ந்தபாடில்லை.

இனி இரு நாடுகளின் கதையைக் கூறுகிறேன். நியூசிலாந்தில் பல்லாண்டுகளாக வழங்கி வந்த தைராக்சின் மாத்திரை, 2007-இல் கானடாவிலிருந்து ஜெர்மனிக்கு உற்பத்தி மாறியதால் வடிவம் மாறி வந்தது. மருந்து அதுவே, உருவமும் சுவையும் வேறு. அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளில் அம்மாத்திரைமீது வந்த புகார்கள் 14. மாற்றத்திற்குப் பின் பதினெட்டு மாதங்களில் வந்தவை 1400-க்கும் மேல்! சோதித்துப் பார்த்தபோது மருந்தின் அளவில் குறையில்லை. பின்னர் ஆராய்ந்தவர்கள், தொலைக்காட்சியில் குறிப்பிடப்பட்ட துன்பங்களே அடுத்த நாட்களில் மிகுதியாகப் புகாரில் இடம்பெற்றன என்று காட்டினர். பிறர் சொல்லக் கேட்ட நோவு நம் உடம்பில் வந்து குடியேறுவது புதிதன்று. அந்நோவு பொய்யென்றும் ஆகாது. அதன் காரணத்தை மட்டுமே நாம் பிழையாகக் கணிக்கிறோம்.

பிரான்சு நாட்டில் 2017-இல் நடந்தது இன்னும் பெரிது. ஏறக்குறைய முப்பது இலட்சம் பேர் உண்டு வந்த மாத்திரையில், துணைப்பொருளான லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரையை நீக்கி, மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தனர். மருந்து நெடுநாள் வலிமை குன்றாதிருக்கவே இம்மாற்றம். நோக்கம் நல்லதே. ஆனால் பலர் மாற்றத்தைப் பற்றிய தெளிவான செய்தி கிடைக்காமலே புதியதை விழுங்கினர். களைப்பு, தலைவலி, மயிர் உதிர்தல் எனப் பல்லாயிரம் புகார்கள் குவிந்தன. இலட்சக்கணக்கானோர் முறையீட்டில் கையொப்பமிட்டனர். அவ்வாண்டு இறுதிக்குள் பழைய வடிவத்தை மீண்டும் தருவித்துக் கொடுக்க நேர்ந்தது.

இரண்டு மாத்திரைகளும் சமம் என்பதற்கு 204 பேரிடம் முன்னரே நடத்திய சோதனை ஆதாரமாக இருந்தது. 2019-இல் துலூஸ் நகரத்து அறிஞர் சிலர் அதே எண்களை மீண்டும் ஆய்ந்தனர். கூட்டத்தின் சராசரி சமந்தான். ஆனால் தனித்தனி ஆளாகப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டோர் சம எல்லைக்கு வெளியே நின்றனர் என்றார்கள். ஒரே மாத்திரையை இருமுறை கொடுத்தாலும் இத்தகைய ஏற்றத்தாழ்வு வரக்கூடும் அன்றோ என்று மறுத்தவரும் உண்டு. எவர் பக்கம் நியாயம் எவ்வளவு என்பதை நான் தீர்க்க வரவில்லை. வரலாற்று மாணவர்க்கு இங்கொரு பாடம் உண்டு. அரசின் கையில் சராசரி இருந்தது. மக்களின் கையில் நினைவு இருந்தது. மாத்திரை மாறுவதற்கு முன் ஒவ்வொருவரும் எப்படி இருந்தார் என்னும் குறிப்பு மட்டும் பெரும்பாலோர் கையில் இல்லை.

இனி என் கதை. வழக்கமாக வாங்கும் கடையில் ஒருநாள் என் மாத்திரை இல்லை. கடைக்காரர் வேறொரு புட்டியைத் தந்து, மருந்தும் அளவும் ஒன்றே என்றார். வாங்கி வந்தேன். இரண்டு வாரத்தில் தாங்க முடியாத அசதி. புதிய மாத்திரையே காரணம் என்று முடிவு கட்டி மருத்துவரிடம் சென்றேன். அவர் என் பிள்ளை வயதினர். நகைக்கவும் இல்லை, உடனே ஒப்பவும் இல்லை. "எப்போது தொடங்கிற்று, அம்மா?" என்று கேட்டார். புட்டி மாறிய மறுநாளே என்றேன். "எங்கேனும் எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்றார்.

வீட்டுக் கணக்கோடு நாலு வரி நடப்பும் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. வீடு திரும்பிப் புரட்டினேன். புட்டி மாறுவதற்கு ஒன்பது நாள் முன்பே, அசதியால் கோயிலுக்குப் போகவில்லை என்று என் கையெழுத்தே கூறிற்று! மாணவர்க்கு ஐம்பது முறை சொல்லியிருக்கிறேன், பின்னாளைய நினைவைவிட அன்றன்று எழுதிய ஏடே வலிய சான்று என்று. என் வழக்கில் நானே அதை மறந்துவிட்டேன்.

மருத்துவர் ஒரு குறிப்பேடு தொடங்கச் சொன்னார். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு, இரவு உறங்கிய நேரம், வாரம் ஒருமுறை எடை, குளிர் அல்லது புழுக்கம், அன்று முடித்த வேலை, மாத்திரை உண்ட நேரம், காப்பி அருந்திய நேரம் ஆகியவை. முந்தைய பக்கத்தைப் பார்த்து எழுதலாகாது. இம்மருந்தின் வலிமை உடலில் பாதியாகக் குறையவே ஏழு நாள் செல்லும். ஆதலால் எட்டு வாரம் கழித்தே இரத்தம் சோதிக்க வேண்டும். அதுவரை அளவைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றார்.

ஆறாம் வாரத்தில் ஏடு பேசத் தொடங்கிற்று. 72-ஆக இருந்த நாடி 88-ஐ எட்டியது. ஆறு மணி நேர உறக்கம் நாலாகச் சுருங்கிற்று. எட்டாம் வாரச் சோதனையில் டி.எஸ்.எச். எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. மருந்து போதவில்லை என்று எண்ணியிருந்த எனக்கு, உண்மையில் மருந்து மிகுந்துவிட்டது! அசதிக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு என்று பின்னர்த் தெரிந்தது. என் சொல்லை மட்டும் கேட்டு மருந்தைக் கூட்டியிருந்தால் என் இதயத்திற்கு என்ன நேர்ந்திருக்குமோ!

மருந்து எப்படி மிகுந்தது? மருத்துவர் ஏட்டின் காப்பிப் பத்தியைச் சுட்டிக் காட்டினார். மாத்திரைக்கும் காப்பிக்கும் ஒரு மணி நேர இடைவெளி நாள்தோறும் இருந்தது. முன்பு அப்படி இல்லை. மாத்திரையை விழுங்கிய கையோடு காப்பி அருந்துவதே என் வழக்கம். வெறும் வயிற்றில் உண்க என்று புதிய புட்டியின்மேல் கண்டு, அன்றுமுதல் திருந்தியிருந்தேன். காப்பி இம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக் கூடியது. ஆகவே கூடுதல் மருந்து உடலில் சேர்ந்தது மாத்திரையாலா, காப்பி விலகியதாலா? அறுதியிட்டுக் கூற இயலாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேனே! 100 மைக்ரோகிராம் 88 ஆயிற்று. இரும்புச்சத்து மாத்திரையை நாலு மணி நேரம் தள்ளி உண்கிறேன். மீண்டும் எட்டு வாரம் ஏடு எழுதினேன். நாடி அடங்கிற்று, உறக்கம் திரும்பிற்று, எண்ணும் எல்லைக்குள் வந்து நின்றது.

ஆகவே மருந்து மாறும் நிலை வருமாயின், மாறுவதற்கு முன்பே இரண்டு வாரமாவது குறிப்பெழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புட்டியின் பெயரையும் தேதியையும் குறியுங்கள். பிறகு அவ்வேட்டோடு மருத்துவரிடம் செல்லுங்கள். எண்ணைப் பார்த்தவுடன் உமக்கு ஒன்றுமில்லை என்று கூறும் மருத்துவர்க்கும், மாத்திரையே பகை என்று முடிவு கட்டி வரும் நோயாளிக்கும் நடுவே பேசத்தக்கது அந்த ஏடு ஒன்றே.

நியூகாசில் பெண்மணியின் தலைமயிரில் மாற்றமில்லை என்பதையும் மரே எழுதி வைத்தாரே, அதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. வெற்றியை முழங்கும் வேளையில் அவ்வொரு வரியை விட்டுவிட்டால் கேட்பவர் யார்? ஆயினும் விடவில்லை. தேறியதையும் தேறாததையும் ஒரே மையால் எழுதினார். என் ஏட்டின் முதற்பக்கத்தில் அவருடைய பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.